ஒலியும் கார்பனும், கொஞ்சம் ஓவர் சத்தமும்

"ஒலி அலையால கார்பன் அணுக்களை ஒவ்வொண்ணா அடுக்கி சங்கிலி பண்றாங்க"ன்னு ஒரு செய்தி வந்தா, கூடவே "வைரத்தை விட வலிமை"ன்னு ஒரு வாலும் ஒட்டிக்கிட்டு வருது. படிச்சா பயங்கர கடுப்பாகுது மக்களே. ரெண்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் வாங்க.

முதல்ல அந்த வலிமை. கார்பன் அணுக்கள் ஒத்தை வரிசையா கோத்து நிக்கிற சங்கிலிக்குப் பேர் கார்பைன். இது கிராஃபீனை விட ரெண்டு மடங்கு விறைப்புன்னு 2013-ல ரைஸ் பல்கலைக்கழகத்து போரிஸ் யாகப்சன் குழு சொன்னது கணினியில் போட்ட கணக்கு. ஒரு துண்டை இழுத்துப் பார்த்து அளந்த எண் இல்லை. கணக்கு தப்புன்னு நான் சொல்லலை. கணக்கைக் கண்டுபிடிப்புன்னு விக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

அடுத்து ஒலி. பரப்புல ஓடுற ஒலி அலைக்கு வேகம் விநாடிக்குச் சுமார் 4000 மீட்டர்னு வைங்க. அதிர்வெண் 100 கோடி ஹெர்ட்ஸ்னா அலைநீளம் 4000 நானோமீட்டர். சங்கிலியில் அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளி சுமார் 0.13 நானோமீட்டர். முப்பதாயிரம் மடங்கு வித்தியாசம்! உலக்கையை வச்சு கடுகை வரிசையா அடுக்குற கதைதான்.

அதுக்காக ஒலி வேஸ்ட்னு அர்த்தம் இல்லை. தட்டுல மணல் தூவி அதிர வச்சா, அதிராத கோடுகள்ல மணல் போய்ச் சேரும். 1787-லயே கிளாட்னி புத்தகமா எழுதினது இது. அதே மாதிரி, கார்பன் எங்கே அதிகமாப் படியணும்னு மைக்ரான் அளவுல ஒலி மாத்தலாம். பரப்பை உலுக்கி, இழுவிசை கொடுத்து, மின்பண்பை மாத்தவும் முயற்சி பண்ணலாம். ஆனா அணுவை அணுவோட கோக்குறது வேதியியல். 2016-ல வியன்னாவுல 6000-க்கும் மேல அணுக்கள் உள்ள சங்கிலி வளர்த்தாங்களே, அது வளர்ந்தது இரட்டைச் சுவர் நானோகுழாய்க்குள்ள. மூடாம விட்டா சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு வினைபுரிஞ்சு காலி.

"கொஞ்சம் மிகைப்படுத்தினா என்னப்பா நஷ்டம்?"

நஷ்டம் இருக்கு சார். 1968-ல ஜெர்மனியின் ரீஸ் விண்கல் பள்ளத்துல புது கார்பன் வடிவம் கிடைச்சதா அறிவிச்சு, 'சாவோயிட்'னு பேரும் வச்சாங்க. அதுக்கப்புறம் வேற இடங்கள்லயும் கார்பைன் கிடைச்சதாச் சொன்னாங்க. 1982-ல ஸ்மித், பியூசெக் ரெண்டு பேரும் 'சயன்ஸ்' இதழ்ல, "இந்தக் கார்பைன் நிஜமாவே இருக்கா?"ன்னு கேட்டாங்க. கார்பைன்னு சொன்னதுல பலது சாதாரண சிலிக்கேட் கனிமமா இருக்கலாம்னு அவங்க வாதம். அந்தச் சந்தேகத்தைச் சுமந்துக்கிட்டேதான் உருப்படியா வேலை செஞ்சவங்களும் நடக்க வேண்டியதாச்சு.

அதனால, அடுத்த தடவை யாராவது "ஒலியால வளர்த்தோம்"னு சொன்னா, படத்தைப் பார்த்து வாயைப் பிளக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ஒலியை அணைச்சுட்டு, மத்ததெல்லாம் அப்படியே வச்சு, அதே சோதனையைப் பண்ணினப்ப என்ன வந்துச்சு?

பதில் இருந்தா நானே முதல் ஆளா கை தட்டுறேன். இல்லைன்னா, அது ஆராய்ச்சி இல்லை, வெறும் சத்தம்.