நானாவுக்குப் பயமா, நானாவை நினைத்துப் பயமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளை 'மறக்க முடியாத நாள்' பற்றி எழுதச் சொன்னேன். திகன பக்கத்து மகள் ஒருத்தி 2018 மார்ச்சை எழுதியிருந்தாள். அப்போது அவள் மூன்றாம் தரம். கடையைப் பார்க்கப் போன நானா இரவாகியும் வரவில்லை, வெளியே ஊரடங்கு. 'அஃப்ரெய்ட்' என்று எழுதி, அடுத்ததாக 'மை பிரதர்' என்று போட்டிருந்தாள். இடையில் சொல் இல்லை. நான் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனையால் 'ஒஃப்' என்று செருகி, அரைப் புள்ளியும் வெட்டினேன்.

கொப்பியோடு வந்தாள். "டீச்சர், நான் நானாக்குப் பயப்படல்ல. நானாக்கு என்ன ஆகுமோண்டுதான் பயந்த."

'ஒஃப்' என்றால் நானாவே பயமுறுத்துகிறவர். 'ஃபோர்' என்றால் ஆபத்தில் இருப்பவர். ஒரு சின்னச் சொல்லில் நான் அவளுடைய நானாவைத் தீ வைக்க வந்தவர்களோடு சேர்த்துவிட்டேன். தமிழில் 'நானாவுக்குப் பயம்' என்றால் பயப்படுவது நானாவா, நானாவைக் கண்டா என்றே குழப்பம். அதனால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

பிழை எங்கள் சொற்பட்டியலில். ஃபியர், ஸ்கெயார்ட், எங்ஷியஸ், பெனிக், டெரர் எல்லாவற்றுக்கும் எதிரே 'பயம்' என்று எழுதிக் கொடுத்து மனனம் செய்ய விடுகிறோம். கலாசாலையில் எனக்கு வித்தியாசம் சொல்லித் தந்தார்கள்தான், பரீட்சையோடு போய்விட்டது.

அந்த நாட்களையே எடுங்கள். மார்ச் 6 அவசரகாலச் சட்டம், அதன்பின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் முடக்கம். செய்தி தெரியாமல் வாசலைப் பார்த்திருந்த உம்மாமாருக்கு இருந்தது 'எங்ஷியஸ்'. யாரோ கத்த, எதற்கென்று தெரியாமலே எல்லோரும் ஓடுவது 'பெனிக்'. பான் என்ற கிரேக்கத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்த சொல். 'டெரர்' உள்ளே வருகிற நடுக்கம் மட்டுமல்ல, ஒருவர் வேண்டுமென்றே இன்னொருவருக்குச் செய்வதும்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லை அகராதியில் படிக்கவில்லை, பஸ்ஸில் கேட்டுப் படித்தார்கள்.

பிள்ளைகளுக்கு இது விளங்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். மத்ரஸாவில் கவ்ஃப் வேறு, கஷ்யத் வேறு என்று படிக்கிற பிள்ளைகள்தானே இவர்கள்.

'ஒஃப்'ஐ வெட்டி 'ஃபோர்' எழுதி, அரைப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். நானா அடுத்த நாள் காலையில் வீடு வந்துவிட்டாராம், அல்ஹம்துலில்லாஹ். அதைக் கட்டுரையில் எழுத மறந்துவிட்டாள்.