அப்படியே ஐயா மாதிரி

மழலையைப் புகழ்வது தமிழ்ப் புலவர்களின் பரம்பரைச் சொத்து. வள்ளுவர் புகழ்ந்தார். பிள்ளைத்தமிழ் பாடியவர்களோ குழந்தையின் 3-ஆம் மாதம் தொடங்கி 21-ஆம் மாதம் வரை பத்துப் பருவங்கள் வகுத்துப் பாடித் தீர்த்துவிட்டார்கள். இனி நான் புகழ்ந்துதான் மழலைக்குப் பெருமை வரவேண்டும் என்பதில்லை. நான் எழுத வந்தது வேறு. மழலையைக் கேட்டு நாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பைப் பற்றி. அதில் ஒரு பகுதி அயோக்கியத்தனமான சிரிப்பு என்பது என் கட்சி.

என் பேரனுக்கு இப்போது 21 மாதம். புலவர்கள் கணக்குப்படி சிறுதேர் உருட்டும் பருவம். அவன் தேர் உருட்டுவதில்லை. எங்களையெல்லாம் நடித்துக் காட்டுகிறான். டி.வி. ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடந்தால் அது அவன் அப்பா. கண்ணாடி முன் நின்று நெற்றியில் விரலை ஒற்றினால் அம்மா. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை தொண்டையைக் கனைத்தால் சந்தேகமே வேண்டாம், அது நான். வார்த்தைகள் இன்னும் இரண்டிரண்டாகத்தான் வருகின்றன. ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் முழுசாக வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போக ஓர் அம்மாள் வருகிறார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். 'வருகிறார்' என்று எழுதினேன் அல்லவா? இந்த 'ஆர்' என் பேனாவுக்கே புதிது. ஏழு வருஷமாக 'வந்தாளா?', 'போனாளா?' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் ஒருநாள் அவர் வரச் சற்று நேரமாகிவிட்டது. கதவைத் திறந்ததும் பேரன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தொண்டையை ஒரு கனைப்புக் கனைத்து, "ஏய்! சீக்கம் வா!" என்றான்.

வீடே சிரித்தது. மருமகள் கைபேசியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "கண்ணா, இன்னொரு தரம் சொல்லு" என்றாள். அவனும் சொன்னான். அந்த அம்மாளும் சிரித்தார். "சின்னையா அப்படியே ஐயா மாதிரியே பேசறாரு!" என்றார்.

நான் சிரிக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. அந்தக் கனைப்பு என்னுடையது என்பதால்.

அரைமணி நேரம் கழிந்தது. அதே பயல் கொல்லைப்புறம் போய், அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு துண்டு நாரை எடுத்துத் தம்ளரைத் தேய்க்க ஆரம்பித்தான். அவர் முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோலவே தானும் துடைத்துக்கொண்டான். நடிப்பு என்று பார்த்தால் முன்னதைவிட இதுதான் பிரமாதம். ஆனால் ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை. "சீ, எச்சில் பாத்திரம்! இதெல்லாம் உனக்கு எதுக்குடா?" என்று அவனைத் தூக்கிவந்து கை கழுவிவிட்டாள் என் மனைவி. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதைத்தான் அயோக்கியத்தனம் என்கிறேன். குழந்தை பாரபட்சம் பார்க்கவில்லை. அதட்டுகிறவனையும் நடித்தது, உழைக்கிறவளையும் நடித்தது. அதட்டலுக்குக் கைதட்டினோம், உழைப்புக்குக் கை கழுவினோம். இரண்டில் எது பெரிய மனிதத்தனம் என்று அன்று காலையே பாடம் முடிந்துவிட்டது. ஒன்று, இரண்டு எண்ணத் தெரியாத பிள்ளைக்கு யாரை 'ஏய்' என்று அழைக்கலாம் என்பது தெரிந்துவிட்டது.

"குழந்தைக்கு என்ன தெரியும்?" என்பார்கள். எல்லாம் தெரியும். 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஆல்பர்ட் பாண்டூரா என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடித்துத் திட்டுவதைச் சில குழந்தைகள் பார்த்தன. 'இப்படிச் செய்' என்று யாரும் சொல்லவில்லை. பிறகு பொம்மையோடு விளையாட விட்டபோது அவை அதே மாதிரி அடித்தன. அதே வார்த்தைகளையும் சொல்லின. பாடம் நடத்தாமலே பாடம் ஏறிவிட்டது.

"எல்லாம் டி.வி.யும் கைபேசியும் செய்கிற வேலை" என்று என் மகன் தப்பிக்கப் பார்த்தான். கைபேசிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் கனைக்கிறவன் யார்? 2003-இல் சியாட்டில் நகரத்தில் பட்ரீஷியா கூல் என்ற அம்மையார் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. 9 மாதக் குழந்தைகள், நேரில் வந்து பேசி விளையாடியவர்களிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சை டி.வி.யில் மட்டும் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. பேச்சு ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் ஒட்டுகிறது. பழியைப் பெட்டியின் தலையில் போடாதீர்கள்.

அடுத்தபடி பண்டிதர் ஒருவர் வருவார். "தமிழில் தாயையும் 'நீ' என்கிறோம், தெய்வத்தையும் 'நீ' என்கிறோம். 'நீ' எப்படி ஐயா அவமரியாதை ஆகும்?" என்பார். சரி. ஒரே ஒரு பரீட்சை வைக்கிறேன். அந்த 'நீ'யைத் திருப்பிச் சொல்ல முடியுமா? தாய் நம்மை 'நீ' என்கிறாள், நாமும் அவளை 'நீ' என்கிறோம், அது பாசம். நாளைக் காலை அந்த அம்மாள் என்னைப் பார்த்து "ஏய், சீக்கிரம் கதவைத் திற" என்றால் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வேனா? அன்று மாலையே வேறு ஆள் தேடுவேன். ஒருவழியாக மட்டும் போகிற 'நீ'க்கு அதிகாரம் என்று பெயர். 21 மாதப் பயலை அறுபது வயதுக்காரர் 'பேசறாரு' என்கிறார். அவன் அவரை 'வா' என்கிறான். இதை வேடிக்கை என்று படம் பிடிக்கிறோம்!

2007-இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நலவாரியம் ஏற்பட்டது. நல்ல காரியம். ஆனால் விகுதிக்கு எந்த அரசாங்கமும் வாரியம் வைக்க முடியாது. அது வீட்டுக்குள் நடக்கவேண்டிய திருத்தம். யாழ்ப்பாணத்து வீடுகளில் தவழ்கிற குழந்தையையே "வாங்கோ" என்று அழைப்பதைக் கேட்டிருக்கிறேன். கேட்கிற காதுக்கு அதுதான் பாஷை. நாமோ விருந்தாளி வந்ததும், "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக் குவிக்கிறோம். கை குவிகிறது, காது அடுப்பங்கரையில் நடக்கிற பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மறுநாள் நான் கதவைத் திறந்து, "வாங்கம்மா" என்றேன். அந்த அம்மாள் திரும்பித் தமக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். பிறகு, "ஐயாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். அவருக்குக் கூச்சம். எனக்கு அதைவிடக் கூச்சம். ஏழு வருஷத்துப் பழக்கம் ஒரு 'ங்க'வில் மாறிவிடுமா? இன்றுவரை நாலு தடவையில் ஒரு தடவை வாய் தவறிவிடுகிறது. தவறும்போதெல்லாம் கூடத்திலிருந்து ஒரு கனைப்புக் கேட்கிறது.

பயல் மட்டும் முந்திக்கொண்டுவிட்டான். இப்போது அந்த அம்மாளுக்கும் "வாங்க", தபால்காரருக்கும் "வாங்க", ஜன்னலில் சோற்றுக்கு வந்து உட்கார்கிற காக்கைக்கும் "வாங்க". காக்கைக்கு எதற்கு மரியாதை என்று வீட்டில் திருத்தப் பார்க்கிறார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை.