கடலின் பங்கு

"கடற்கரையில் 200 மீட்டர் நிலம் வெறும் மணலாகக் கிடப்பதால் எவருக்கு என்ன இலாபம்?" என்னும் கேள்வி நம் ஊர்களில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. எழுப்புவோர் பாமரர் அல்லர். படித்தவர்கள், பொருள் ஈட்டியவர்கள், ஊர்ப் பொதுக் காரியங்களில் முன்னிற்பவர்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகள் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டையாக நிற்கின்றன என்பதும், அவை தளர்த்தப்படுந்தோறும் நாடு முன்னேறும் என்பதும் அவர்கள்தம் முடிபு. இம்முடிபு தவறானது. தவறானது மட்டுமன்று, காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு என்று கடலை அண்டியே வாழ்ந்துவரும் நம் மக்களுக்குத் தீங்கானதும் ஆகும். அதனை மறுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதி எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் நினைவுகூர்வோம். 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடல்நீர் பெருகி ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கரையை எவ்வித ஆக்கிரமிப்புமின்றிக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதம் சட்டமாகப் பத்தாண்டுகள் ஆயின. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. அதன்படி, கட்டடங்கள் பெருகாத ஊர்ப்புறக் கரைகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து முதல் 200 மீட்டரில் புதிய கட்டுமானம் கூடாது. அடுத்த 300 மீட்டரில் உள்ளூர் மக்களின் மரபுவழி வீடுகளும், நிபந்தனைகளுக்கு உட்பட்ட பிறவும் எழலாம். ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதிகளிலோ, இருக்கின்ற சாலைக்கு அல்லது கட்டடத்திற்கு நிலப்பக்கமாக மட்டுமே புதியன கட்டலாம். இவ்வளவே விதி. இதிலே கொடுமை எங்கே இருக்கிறது?

அந்த 200 மீட்டர் யாருடையது என்று கேட்போமாயின், அது அரசுடையதும் அன்று, தனியாருடையதும் அன்று. முதற்கண் அது கடலுடையது என்று சொல்லத் தோன்றுகிறது. கரை என்பது கல்லில் வெட்டிய கோடு அன்று. பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலைக் காணாத உள்நாட்டுச் சிற்றூர். வெளிநாட்டு வணிகர் வந்திறங்கிய பழைய காயலும் தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடலைவிட்டு விலகிப்போயிற்று. மறுபுறம், 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடியைக் கடல் ஓர் இரவிலே விழுங்கியது. விலகுவதும் நெருங்குவதும் கடலின் இயல்பு. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், தமிழகக் கரையில் ஏறத்தாழ 43 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டது. நகர்ந்துகொண்டேயிருக்கும் ஒன்றிற்கு நகர இடம் விடுவதே அறிவுடைமை. கிணற்றைச் சுற்றியும் ஆற்றின் இருமருங்கிலும் எவரும் கைவைக்காமல் விட்டுவைக்க வேண்டிய நிலத்தை 'ஹரீம்' என்று பெயரிட்டு நம் ஃபிக்ஹு நூல்கள் வகுத்திருப்பதை அறிந்தோர்க்கு இக்கருத்துப் புதிதன்று.

'வெறும் மணல்' என்கிறார்களே, அந்த மணல் செய்யும் வேலையை அவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அடும்பும் இராவணன் மீசையும் வேரோடிப் பிடித்துவைத்திருக்கும் மணல்மேடுதான் புயற்காலத்து அலைக்கு முதல் அரண். மழைநீர் அம்மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் தோண்டிய கிணற்றிலும் குடிநீர் ஊறுவது அதனாலேதான். மேட்டைச் சமன்செய்து மாளிகை எழுப்பி, ஆழ்குழாய் இறக்கி இயந்திரத்தால் உறிஞ்சினால் உப்புநீர் மேலேறும். மாளிகையின் கிணறு மட்டுமன்றி, தெருவின் கிணறுகள் யாவும் கெடும். 1991-ஆம் ஆண்டு விதி முதல் 200 மீட்டரில் நிலத்தடி நீரை எடுக்கத் தடைசெய்ததும், அடுத்த 300 மீட்டரில் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைப்பதை மட்டும் அனுமதித்ததும் இக்காரணம் பற்றியே.

2004 டிசம்பர் 26-ஐ நம்முள் எவர் மறந்தார்? ஆழிப்பேரலையில் தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். ஜனாஸாக்களை அடக்கக் குழி தோண்டி ஓய்ந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அதே நாளில் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் பின்னே இருந்த ஊர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின என்பதையும் உலகம் கண்டது. இந்தப் பாடத்தைக் கற்ற நாடு, கரையோர இடைவெளியைக் கூட்டியிருக்க வேண்டும். நடந்தது என்ன?

நடந்தது நேர்மாறானது. அறிவிக்கை வெளியான மூன்றே ஆண்டுகளில், 1994-இல், கழிமுகங்களையும் ஆற்றோரங்களையும் ஒட்டிய 100 மீட்டர் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கட்டுமானத் தடையை விருப்பம்போல் தளர்த்தும் அதிகாரத்தையும் மத்திய அரசு தனக்குத்தானே அளித்துக்கொண்டது. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விரண்டையும் செல்லாதவை ஆக்கியது. அதே ஆண்டு டிசம்பரில், சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர மண்டலத்திற்குள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறும் தீர்ப்பளித்தது. தஞ்சைக் கடலோரத்து ஏழை உழவர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை; 2005-இல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றி, அறிவிக்கையின் தடையிலிருந்து இறால் வளர்ப்பை விலக்கிவிட்டது. நீதிமன்றம் அடைத்த கதவைச் சட்டமன்றம் திறந்த கதை இது. 1991-ஆம் ஆண்டு அறிவிக்கை மட்டும் ஏறத்தாழ 25 முறை திருத்தப்பட்டது. 2011-இல் புதிய அறிவிக்கை வந்தது. 2019 ஜனவரியில் வந்த அடுத்த அறிவிக்கையோ, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்குக் குறையாமல் மக்கள் வாழும் ஊர்ப்புறக் கரைகளில், புதிய வரைபடம் ஒப்புதல் பெற்றபின் 50 மீட்டர் போதும் என்றது. 500 என்று தொடங்கியது 200 ஆகி, 200 இன்று 50-இல் வந்து நிற்கிறது. அடுத்தது என்னவென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

இத்தளர்வை ஆதரிப்போர் ஒரு வலுவான வாதத்தை முன்வைக்கின்றனர்: "மீனவர் குடும்பம் பெருகுகிறது, மகனுக்கு மணமுடித்தால் வேறு குடில் போட இடமில்லை, 50 மீட்டர் என்பது அவர்களுக்குச் செய்த உதவி" என்பது அது. மீனவரின் வீட்டுத் தேவை மெய்யானது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தேவையை நிறைவேற்ற அனைவருக்கும் கதவைத் திறந்துவிட வேண்டுமா? 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையே மரபுவழிக் கடலோர மக்களின் வீடுகளை மட்டும் அனுமதித்தது. அது அவர்களுக்கான சலுகை. 2019-இன் தளர்வு பணப்பை கனத்த எவருக்குமான சலுகை. கடலைப் பார்த்த மனைக்கு விலை ஏறும்போது அதை வாங்கவல்லவர் கட்டுமரக்காரரா, விடுதி முதலாளியா? கரைவலை இழுக்கவும், வள்ளத்தை ஏற்றி நிறுத்தவும், கருவாடு காயவைக்கவும், வலை பொத்தவும் வேண்டிய வெளியை இழந்த மீனவனுக்கு வீடு இருந்தும் தொழில் இராது. ஏழையின் பெயரால் விதியைத் தளர்த்திச் செல்வர்க்கு நிலத்தைச் சேர்ப்பது நாடறிந்த பழைய வித்தை. அதற்கு நாம் ஆமீன் சொல்லலாகாது.

இனி, "அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டால் அச்சமில்லை" என்று எண்ணும் நம் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வோம். கேரளத்தில் கொச்சியை அடுத்த மரடு என்னும் ஊரில், காயற்கரையில் நான்கு அடுக்குமாடித் தொகுதிகள் எழுந்தன. உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி அவற்றுக்கு இருந்தது. வாங்கியவர்களிடம் பத்திரமும் இருந்தது. கடலோர விதிக்கு மாறானவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்க ஆணையிட்டது. 2020 ஜனவரியில் 300-க்கும் மேற்பட்ட வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாழ்நாள் உழைப்பைச் செங்கல்லாக மாற்றியவர்கள் அது புழுதியாவதைக் கண்ணால் கண்டனர். துபாயிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வியர்வை சிந்திச் சேர்த்த பொருளைக் கரையோர மனையில் போடும் நம் சகோதரர்கள், விற்பவரின் சொல்லை நம்பாமல், மனை எம்மண்டலத்தில் அமைந்துள்ளது என்பதை வரைபடத்தில் பார்த்தறிதல் வேண்டும்.

ஊருக்குள் விடவேண்டிய திறந்தவெளிக்கும் இதே கதிதான். தமிழகக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காட்டு நிலத்தைப் பொதுப் பயனுக்கென உள்ளாட்சிக்குக் கொடையாக எழுதித்தர வேண்டும். இவ்வொதுக்கீட்டு விதியை எதிர்த்து எழுந்த வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அந்தப் பத்தில் ஒரு பங்கும் நம் ஊர்களில் விளையாட்டிடமாக, நிழல்தரும் தோப்பாக இருக்கிறதா, வேலியிட்டு எவரோ அனுபவிக்கிறார்களா என்று கேட்பார் இல்லை.

அஸ்ருத் தொழுகைக்குப் பின் காயல்பட்டினக் கடற்கரைக்குச் சென்று பாருங்கள். குடும்பம் குடும்பமாக மக்கள் காற்று வாங்கி அமர்ந்திருப்பார்கள். சிறுவர் ஓடுவர், முதியோர் உரையாடுவர், வீட்டுக்குள்ளேயே பகலைக் கழித்த பெண்மக்கள் வானத்தைப் பார்த்து மூச்சு விடுவர். நுழைவுச்சீட்டு இல்லை, காவற்காரன் இல்லை. சென்னையில் 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்த மெரினா உலாவிடம் இன்றளவும் கைவண்டிக்காரருக்கும் கனவானுக்கும் பொதுவாக இருப்பதும் அது விற்கப்படாமையால்தான். விற்றுவிட்ட கரையை எந்த அரசாலும் மீட்டுத்தர இயலாது. இதுவா 'இலாபமற்ற' நிலம்?

குற்றம் அரசின்மேல் மட்டும் இல்லை, நம்மேலும் உண்டு. வெளியூர் நிறுவனம் கரையில் விடுதி கட்டினால் கொதித்தெழும் நாம், நம் உறவினர் மதிற்சுவரைக் கடலை நோக்கிப் பத்தடி நகர்த்தினால், 'நம்மவர்தானே' என்று வாய்மூடுகிறோம். அயலான் செய்தால் அபகரிப்பு, மச்சான் செய்தால் சாமர்த்தியமா? 'புறம்போக்கு' என்ற சொல்லே நம் வாயில் வசைமொழி ஆகிவிட்டது. வரிவிதிப்புக்குப் புறம்பாகப் பொதுவில் விடப்பட்ட நிலம் என்பதன்றோ அதன் பொருள்!

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் குறித்து மாவட்டந்தோறும் மக்கள் கருத்துக் கேட்கப்பட வேண்டும் என்பது விதி. 2023-இல் தமிழகத்தில் வரைவு வெளியானபோது, மீனவர் குடியிருப்புகளும் பொதுப் பயன்பாட்டு இடங்களும் முறையாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர் அமைப்புகள் முறையிட்டன. அவர்கள் சென்றார்கள், நம் ஜமாஅத்துகளில் எத்தனை சென்றன? இனிக் கூடும் கூட்டங்களுக்கு ஊருக்கு இருவரேனும் வரைபடத்தைப் படித்தறிந்து செல்லட்டும். இரண்டாவது, கடலின் சீற்றம் எட்டும் தூரத்தைக் காட்டும் அபாயக் கோட்டை அரசே அளந்து வரைந்துள்ளது. ஆனால் 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை அதைத் திட்டமிடுதலுக்கான கருவி என்றதோடு நிறுத்திக்கொண்டது. அக்கோட்டுக்குள் புதுக் கட்டடம் கூடாதென விதி எழ வேண்டும். மூன்றாவது, மீனவர் வீட்டுத் தேவைக்கு மீனவருக்கே உரிய தனி ஒதுக்கீடு வேண்டும்; அதன் மறைவில் பிறர் நுழையலாகாது.

தந்தை விட்டுச்சென்ற சொத்தில் தங்கையின் பாகத்தைத் தின்பவனை நம் சமுதாயம் மதிப்பதில்லை. கடலுக்கும் கடலை நம்பி வாழ்வோர்க்கும் இனிப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பாகம் அந்த 200 மீட்டர் மணலில் இருக்கிறது. கடலோரக் குடும்பங்கள் தத்தம் ஊரில் அதன் எல்லையை இன்றே கேட்டறிந்து காக்க முற்படுமாறு நாம் வேண்டுகிறோம்.