சட்டம் மலையேற வேண்டும்

தருமத்துப்பட்டியிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் சாலை ஆடலூரை அடையும்போது, காப்பித் தோட்டங்களின் குளிர்ச்சி பிரயாணக் களைப்பைப் போக்கிவிடுகிறது. அவ்வூரில் ஒரு வீட்டு முற்றத்தில், தை மாதத்து இளவெயிலில் உலர்ந்துகொண்டிருந்த காப்பிக் கொட்டையினின்று பழுதுபட்டவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகர டப்பாவில் இட்டுக்கொண்டிருந்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரைக் கண்டேன். அவருக்குப் பேச்சு சரளமாக வராது, எண்ணவும் தெரியாது. ஆயினும் ஒரு கறுத்த கொட்டையேனும் அவர் விரலுக்குத் தப்பவில்லை. அருகில் அமர்ந்திருந்த மூதாட்டியான தாயார், தம் காலத்துக்குப் பின் இவனுக்கு யார் என்று கேட்டார். விடை சொல்ல என்னால் இயலவில்லை.

விடை சட்டத்தில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி அளிப்பதோடு நில்லாமல், சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமையையும், அதற்கு வேண்டிய இல்லச் சேவை, உறைவிடம், தனி உதவியாளர் முதலிய சகாயங்களையும் தன் 5-ஆம் பிரிவில் பேசுகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. அறிவுசார் குறைபாடு உடையோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வழங்கும் தமிழக அரசு, உலக வங்கியின் உதவியோடு ‘விழுதுகள்’ சேவை மையங்களையும் தொடங்கியிருக்கிறது. இவை யாவும் போற்றத்தக்கவையே. ஆனால் பணம் சோற்றுக்கு ஆகும், துணைக்கு ஆகாது; துணைக்கு ஊரிலேயே ஒரு மையம் வேண்டும்.

சிதறிக் கிடக்கும் மலைக்கிராமங்களில் நாலைந்து பேருக்காக ஒரு மையம் நடத்துவது கட்டுபடியாகுமா என்று கேட்கலாம். நாலைந்து குழந்தைகளே இருந்தாலும் அங்கன்வாடி வேண்டும் என்று வாதாடுகிறோமே, வளர்ந்தவர்களுக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்? ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை, பயிற்சியும் ஊதியமும் பெறும் உள்ளூர்ப் பெண்கள் இருவர், மாதமொரு முறை மலையேறி வரும் சிகிச்சையாளர், காப்பியும் மிளகும் தரம்பிரிக்கும் வேலை, அதற்குரிய கூலி: இவ்வளவையும் பொதுநிதியிலிருந்து அளிப்பது தர்மமன்று, அரசின் கடமை.

நான் விடைபெற்றபோது அந்த டப்பா பாதி நிரம்பியிருந்தது. அந்த வேலையைப் பாராட்டத் தாயார் ஒருவர் இருந்தார்; அதற்குக் கூலி தர ஒருவரும் இல்லை.