கறுப்பு நாய்க்கும் நல்ல படம் வேண்டும்



விலங்குகள் காப்பகத்தில் தத்தெடுப்புக்குக் காத்திருக்கும் நாய், பூனைகளைப் படமெடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. 1959இல் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு தொடங்கப்பட்ட ஊர் எங்கள் சென்னை. காப்பகங்களுக்கு அரிசியும் மருந்தும் தரும் நல்ல மனங்கள் இங்கே நிறைய உண்டு. படமும் ஓர் உதவிதான் என்பது மட்டும் பலருக்குத் தோன்றுவதில்லை.

தத்தெடுக்க நினைப்பவர் இன்று முதலில் பார்ப்பது கைபேசியில் வரும் படத்தைத்தான். கம்பிக்குப் பின்னால் நிற்கும் நாயை மேலிருந்து எடுத்தால் மிரண்டுதான் தெரியும். தரையில் உட்கார்ந்து, அதன் கண் மட்டத்தில் எடுத்தால் முகமே வேறு. ஃபிளாஷ் கூடவே கூடாது. கண் பச்சையாக எரிவதுபோல் விழும், பிராணியும் பயந்துவிடும். கறுப்பு நாய்தான் பெரும்பாடு. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் கண்ணும் மூக்கும் காணாமல் போய்விடும். முகத்தில் வெளிச்சம் விழும்படி திருப்பி, திரையில் அந்த முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். பூனைக்கு அவசரம் ஆகாது, அதுவாக வெளியே வரட்டும்.

குறையை மறைத்து எடுக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். மூன்று கால் நாயை அப்படியே விரும்பி வருகிறவர் இருக்கிறார். மறைத்துக் கொடுத்தால் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த நாய் இரண்டாம் முறை கைவிடப்படும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணப் புகைப்படக்காரர்களுக்கு வேலை குறைவு. அப்போது அருகிலுள்ள காப்பகத்தில் அனுமதி கேட்டு, ஒரு காலைப்பொழுதைத் தாருங்கள். நாட்டு நாய்களை முதலில் எடுங்கள். அவற்றைக் கேட்டு வருபவர்கள்தான் குறைவு.

– ஒரு வாசகி, சென்னை