உயரமும் உரமும்

அணி தெரியும் நாளில் நெடியவர் முதலில் அழைக்கப்படுவதும் குறியவர் மைதான ஓரத்தில் நிற்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில் நெடுங்காலம் தமிழ் கற்பித்துவரும் யான், இவ்வழக்கம் நீதியன்று என்பேன்.

விளையாட்டிற்கு உயரமே வேண்டா என்பது என் கருத்தன்று. வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தின் நெடுமை நாட்டிற்குப் பெருந்துணையாயிற்று. ஆயினும் உயரம் ஒரு கருவியே. ஆற்றலின் அளவுகோல் அன்று. பெருந்தேரைத் தாங்குவது சிற்றாணி என்னும் உண்மையை வள்ளுவர் வினைத்திட்ப அதிகாரத்திலே வைத்தமை சிந்திக்கத்தக்கது.

இன்னொன்றும் நோக்குக. ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே வயதுப்பிரிவில் நிற்கின்றனர். பன்னிரண்டு வயதில் பதினொரு மாத இடைவெளி சிறிதோ? கனடாவின் பனிக்கட்டி ஹொக்கி வீரரை ஆராய்ந்து 1985இல் எழுதிய பார்ன்ஸ்லி முதலியோர், ஆண்டின் முற்பகுதியிற் பிறந்தோரே தெரிவில் மிகுந்திருக்கக் கண்டனர். திறமை எனக் கருதப்பட்டதிற் பாதி, முந்திப் பிறந்த நலமாகவும் இருக்கலாம்.

வெனிசுவேலா நாட்டு ஹொஸே அல்டூவே ஐந்தடி ஆறங்குல உயரத்தினர். பேஸ்போல் தெரிவுக்குச் சென்றபோது, உருவம் சிறிதென்றும் வயதில் ஐயமென்றும் கூறி அவரைத் திருப்பி அனுப்பினர். தந்தையார் ஊக்க, மறுநாள் பிறப்புச் சான்றிதழோடு மீண்டும் சென்றார். 2007இல் பதினையாயிரம் டொலருக்கு அவரை ஹூஸ்டன் அணி ஒப்பந்தஞ்செய்தது. 2017இல் அமெரிக்க லீக்கின் மிகச்சிறந்த வீரர் என்னும் விருதை அவர் பெற்றார். 1.73 மீற்றர் உயரமுடைய பிராங்க்ளின் ஜேக்கப்ஸ், 1978இல் 2.32 மீற்றர் தாண்டினார். தம் தலைக்கு மேல் 59 சதமமீற்றர்!

அல்டூவேக்கு மறுநாளும் போ என்று சொல்லத் தந்தை இருந்தார். நம் மீனவர் குடிப் பிள்ளைக்கு அதனைச் சொல்வார் யார்? அவர் தந்தை விடியுமுன் கடலில் இருப்பார். ஆதலின் அக்கடமை ஆசிரியரைச் சாரும்.

செய்யத்தக்கவை அரியனவல்ல. மாணவனின் ஓட்ட நேரத்தையும் தாண்டிய தூரத்தையும் திகதியிட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். எண்ணுக்கு உயரம் தெரியாது. அவன் ஆடும் முழு ஆட்டத்தையும் கைத்தொலைபேசியிற் பதிந்து, பயிற்றுநருக்குக் கடிதத்தோடு அனுப்பலாம். வெற்றிக் காட்சிகளை மாத்திரம் பொறுக்கி அனுப்புதல் நம்பிக்கை தராது. மாகாண, அகில இலங்கைப் போட்டிகளுக்குச் செல்லப் பயணச்செலவு திரட்டிக் கொடுக்கலாம். விளையாட்டிற் சிறந்தோர்க்குப் பல்கலைக்கழகங்களில் விசேட அனுமதி உண்டென்பதையும், அதற்கும் உயர்தரப் பரீட்சையிற் சித்தி வேண்டுமென்பதையும் முன்னரே உணர்த்துதல் நலம்.

தெரிவாளர்க்கும் ஒரு விண்ணப்பம். குறியவனை ஒரு பந்தோடு அனுப்பிவிடாதீர்கள். ஓர் ஆட்டம் முழுவதும் ஆடவிட்டுப் பாருங்கள். பதினைந்து வயதில் மனமுடைந்து மைதானத்தை விட்டுச் சென்றவன், பதினெட்டில் வளர்ந்து நிற்கும்போது அவனைத் தேடி எவர் துறைமுகத்திற்கு வருவார்?