சாடியும் சட்டமும்

வீட்டில் திராட்சை மது ஊறவைப்பதை 'மேலைநாட்டுச் சீரழிவு' என்று பழிக்கும் தமிழன்பர்கள் பெரும்பாணாற்றுப்படையை எப்போது படித்தார்கள்? வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கூழை வாயகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளை இடித்துக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவைத்துப் பிழிந்ததை உருத்திரங்கண்ணனார் அடுக்களைக் குறிப்புப் போலவே சொல்லிச் செல்கிறார். முளைதான் மாவைச் சர்க்கரையாக்குகிறது; இன்றைய பீருக்கும் அதுவே அடிப்படை. (நம் வகுப்பறைகளில் இப்பகுதியை விரைந்து கடப்பதே மரபு.)

சட்டம் இன்னும் விந்தை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டுச் சாடி குற்றம். 2003 முதல் சில்லறைக் கடையையே நடத்துவது அரசு! கள்ளக்குறிச்சியைக் காட்டி நம்மை அச்சுறுத்த வேண்டா. 2024இல் அங்கே உயிர்களைக் குடித்தது மெத்தனால்; கம்பத்துப் பன்னீர்த் திராட்சை அன்று.

பசுமலையில் நாமறிந்த நண்பரொருவருக்கு இப்பித்து உண்டு. வாயில்மணி ஒலித்தால் அவர் துணைவியார் முதலில் சமையலறைக் கதவைச் சாத்துகிறார். மூடி தெறித்த புட்டிக்காகவும் ஈ மொய்க்கும் சக்கைக்காகவும் அவர் கணவரோடு சண்டையிடட்டும், அது இல்லறம். காவலருக்கு அஞ்சி அவர் ஏன் நடுங்க வேண்டும்?